15 ரூபாய் டீக்கு ஸ்கேன் இலவசம்... செலவு யார் கணக்கில்?

காலை ஆறரை மணி. டீக்கடை பாய்லர் முன்னால் நாலைந்து பேர் நிற்கிறார்கள். ஒருவர் டம்ளரை வைத்துவிட்டு போனை எடுத்து ஸ்கேன் செய்கிறார். அடுத்த நொடி, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி ஸ்பீக்கர் 'பதினைந்து ரூபாய் பெறப்பட்டது' என்று சத்தமாகச் சொல்கிறது. மாஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அடுத்த டீயை ஆற்றுகிறார்.

டீ குடித்தவருக்கு இதில் கட்டணம் இல்லை. விற்றவருக்கும் அந்த 15 ரூபாயில் ஒரு காசுகூடப் பிடித்தம் இல்லை. ஆனால், அந்த ஒரு நொடிக்குள் பல கம்ப்யூட்டர்கள் வேலை பார்த்திருக்கின்றன. அதற்கு யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள்.

இந்தியாவின் டிஜிட்டல் மாற்றம் என்றதும் 'இந்த மாதம் எத்தனை கோடி பரிவர்த்தனை' என்பதுதான் தலைப்புச் செய்தியாகிறது. அதற்கு ஆகும் செலவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இந்த வாரம் அந்தக் கணக்கைப் பார்ப்போம்.

21 வங்கிகளில் ஆரம்பித்தது

2016 ஏப்ரல் 11-ம் தேதி, அப்போதைய ரிசர்வ் வங்கி ஆளுநர் ரகுராம் ராஜன் யு.பி.ஐ-யை அறிமுகப்படுத்தினார். 21 வங்கிகளோடு சோதனை ஓட்டம் தொடங்கியது. இதை உருவாக்கி நடத்துவது என்.பி.சி.ஐ எனப்படும் தேசியப் பணப் பரிவர்த்தனைக் கழகம். அதே ஆண்டு நவம்பர் 8-ம் தேதி இரவு, பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. ஏ.டி.எம் வரிசையில் கால்கடுக்க நின்றவர்கள் பலர், வேறு வழியில்லாமல் போனில் பணம் அனுப்பப் பழகினார்கள்.

2019 அக்டோபரில் ஒரே மாதத்தில் 100 கோடி பரிவர்த்தனைகள் நடந்தன. 2023 ஆகஸ்ட்டில் அது 1,000 கோடியைத் தாண்டியது. 2025 ஆகஸ்ட்டில் 2,000 கோடி. 2024-25 நிதியாண்டு முழுவதையும் கூட்டினால் சுமார் 18,587 கோடி பரிவர்த்தனைகள். கைமாறிய தொகை சுமார் 261 லட்சம் கோடி ரூபாய்.

ரொக்கத் தட்டுப்பாடு மக்களை யு.பி.ஐ பக்கம் அழைத்து வந்தது என்றால், அவர்களை அங்கேயே தங்க வைத்தது இலவசம்தான். கடையில் கார்டு தேய்த்தால் வியாபாரியிடம் எம்.டி.ஆர் என்ற வணிகர் கட்டணம் பிடிக்கப்படும். டெபிட் கார்டுக்கு, சின்னக் கடை என்றால் 0.4 சதவிகிதம் வரை, பெரிய கடை என்றால் 0.9 சதவிகிதம் வரை பிடிக்கலாம் என்று ரிசர்வ் வங்கி வரம்பு வைத்திருந்தது. கிரெடிட் கார்டில் இது இன்னும் அதிகம். போதாததற்கு மெஷின் வாடகை வேறு. யு.பி.ஐ, ரூபே டெபிட் கார்டு இரண்டுக்கும் 2020 ஜனவரி 1 முதல் இந்தக் கட்டணம் பூஜ்யம் ஆனது. ஒரு க்யூ.ஆர் கோடு அட்டையை ஒட்டினால் போதும், கடை டிஜிட்டல் ஆகிவிடும். பூக்காரம்மா கூடை வரை அந்த அட்டை வந்து சேர்ந்தது இப்படித்தான்.

ஒரு நொடிக்குள் என்ன நடக்கிறது?

நீங்கள் பின் நம்பரைத் தட்டியதும் உங்கள் ஆப், தன்னோடு ஒப்பந்தத்தில் இருக்கும் வங்கிக்குத் தகவல் அனுப்புகிறது. அங்கிருந்து அது என்.பி.சி.ஐ-யின் சர்வருக்குப் போகிறது. அந்த சர்வர் உங்கள் வங்கியிடம் 'இவர் கணக்கில் 15 ரூபாய் கழி' என்கிறது. வங்கி பின் நம்பரைச் சரிபார்த்து, பணம் இருக்கிறதா என்று பார்த்துக் கழிக்கிறது. பிறகு டீக்கடைக்காரரின் வங்கிக்கு 'வரவு வை' என்ற தகவல் போகிறது. கடைசியாக இரண்டு போன்களுக்கும் செய்தி வருகிறது, ஸ்பீக்கர் பேசுகிறது.

15 ரூபாய்க்கும் இதே வேலைதான், 50,000 ரூபாய்க்கும் இதே வேலைதான். சர்வர், மோசடியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள், எஸ்.எம்.எஸ், புகார் கேட்கும் ஊழியர்கள் என எல்லாவற்றுக்கும் செலவு உண்டு. 2022 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விவாத அறிக்கையில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடையில் சராசரியாக 800 ரூபாய்க்கு நடக்கும் ஒரு யு.பி.ஐ பரிவர்த்தனைக்கு, வங்கிகள், ஆப் நிறுவனங்கள் என எல்லோருக்கும் சேர்த்து சுமார் 2 ரூபாய் செலவாகிறது.

2 ரூபாய்தானே என்று தோன்றலாம். ஒரு மாதத்துக்கு 2,000 கோடி முறை நடக்கும் வேலை இது.

அரசு தருவது எவ்வளவு?

வியாபாரியிடம் வாங்கக் கூடாது என்று சொன்ன மத்திய அரசு, அதற்கு ஈடாக ஊக்கத்தொகை கொடுக்கிறது. 2023-24-ல் யு.பி.ஐ, ரூபே இரண்டுக்கும் சேர்த்து இது சுமார் 3,600 கோடி ரூபாய். 2024-25-க்கு யு.பி.ஐ-க்கு மட்டும் என்று 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2025 மார்ச்சில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

அந்தத் திட்டத்தின்படி, சிறு வியாபாரிகளிடம் நடக்கும் 2,000 ரூபாய் வரையிலான பரிவர்த்தனைக்கு 0.15 சதவிகிதம் கிடைக்கும். 800 ரூபாய்க்கு 1 ரூபாய் 20 காசு. செலவு 2 ரூபாய் என்றால் 80 காசு துண்டு விழுகிறது. நம் 15 ரூபாய் டீக்குக் கணக்குப் போட்டால் இரண்டேகால் காசு. அதையும் கடைக்காரரின் வங்கி, உங்கள் வங்கி, ஆப் நிறுவனம் எல்லாம் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். பெரிய கடைகளில் நடக்கும் பரிவர்த்தனைகளுக்கு அதுவும் கிடையாது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. ஊக்கத்தொகையில் 20 சதவிகிதம், சேவையின் தரத்தைப் பொறுத்தே கிடைக்கும். தொழில்நுட்பக் கோளாறால் தோல்வியடையும் பரிவர்த்தனைகள் 0.75 சதவிகிதத்துக்குக் கீழே இருந்தால் பாதி, சர்வர் 99.5 சதவிகிதத்துக்கு மேல் இயங்கினால் மீதி. ஏன் இந்தக் கண்டிப்பு என்பது அதே 2025 மார்ச் 26-ம் தேதி புரிந்தது. நாடு முழுக்க யு.பி.ஐ தடுமாறியது. ஏப்ரல் 12-ம் தேதி மறுபடியும். பரிவர்த்தனை முடிந்ததா, இல்லையா என்று சில வங்கிகள் திரும்பத் திரும்ப அனுப்பிய விசாரிப்புகளே சர்வரைத் திணறடித்தன என்று அந்த ஏப்ரல் கோளாறுக்குக் காரணம் சொல்லப்பட்டது. அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு பில் கொடுக்க முடியாமல் கைபிசைந்து நின்றவர்களுக்கு, சர்வருக்குச் செலவழிப்பது ஏன் முக்கியம் என்று விளக்கத் தேவையில்லை.

ஆப் கம்பெனிகளுக்கு என்ன லாபம்?

யு.பி.ஐ பரிவர்த்தனைகளில் சுமார் 80 சதவிகிதம் போன்பே, கூகுள் பே என்ற இரண்டு ஆப்கள் வழியாகவே நடக்கின்றன. எந்த ஆப்புக்கும் 30 சதவிகிதத்துக்கு மேல் பங்கு இருக்கக் கூடாது என்று என்.பி.சி.ஐ 2020-லேயே சொன்னது. அதற்கான கெடு தள்ளிப்போய், இப்போது 2026 டிசம்பரில் வந்து நிற்கிறது.

பணம் அனுப்புவதில் பெரிய வருமானம் இல்லை என்பதால் ஆப் நிறுவனங்கள் வேறு வழிகளில் சம்பாதிக்கின்றன. கடைக்காரரிடம் ஸ்பீக்கருக்கு மாத வாடகை வாங்குகிறார்கள். மொபைல் ரீசார்ஜ் செய்தால் ஓரிரு ரூபாய் 'பிளாட்ஃபார்ம் ஃபீஸ்' சேர்கிறது. கடன், இன்ஷூரன்ஸ், விளம்பரம் என்று பட்டியல் நீள்கிறது. டீக்கடையின் தினசரி வரவைப் பார்த்தே 'உங்களுக்கு இவ்வளவு கடன் தரலாம்' என்று செய்தி வருகிறது. அதாவது, இலவசத்துக்கான விலையை நாம் ஏற்கெனவே வேறு ரூபத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பெங்களூரு சொன்ன பாடம்

பேசாமல் கடைக்காரரிடமே கொஞ்சம் வாங்கிவிட்டால் என்ன? 2025 ஜூலையில் பெங்களூரில் நடந்ததைப் பார்த்தால் அதற்குப் பதில் கிடைக்கும். யு.பி.ஐ வரவை வைத்து, கர்நாடக வணிக வரித்துறை பல சின்ன வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி நோட்டீஸ் அனுப்பியது. பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் என்ற வரம்பைத் தாண்டினால் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். பணம் ரொக்கமாக வந்தாலும் இதே விதிதான். ஆனால், பயம் சட்டப் புத்தகத்தைப் பார்த்து வருவதில்லையே! பல கடைகளில் க்யூ.ஆர் அட்டை காணாமல்போனது. 'நோ யு.பி.ஐ, ஒன்லி கேஷ்' என்று போர்டு வந்தது.

ரொக்கத்துக்குத் திரும்புவது அவர்களுக்குக் கஷ்டமே இல்லை. 2016 நவம்பரில் சுமார் 18 லட்சம் கோடி ரூபாய் நோட்டுகள் புழக்கத்தில் இருந்தன. 2025 மார்ச்சில் அது 36 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. கல்லாப்பெட்டி எங்கேயும் போகவில்லை. டீக்கு ஐந்து காசு பிடித்தாலும், அது அட்டையைக் கழற்றுவதற்குப் போதுமான காரணமாகிவிடும்.

இனி என்ன?

யு.பி.ஐ-க்குக் கட்டணம் வரப்போகிறது என்று 2025 ஜூனில் பரவிய செய்தியை நிதி அமைச்சகம் அடியோடு மறுத்தது. அடுத்த சில வாரங்களில் ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா, செலவு என்று ஒன்று இருக்கும்போது யாராவது ஒருவர் அதை ஏற்றுத்தான் ஆக வேண்டும் என்று நினைவூட்டினார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். பெரிய நிறுவனங்களிடம் மட்டும் சிறு கட்டணம் வாங்கலாம் என்ற யோசனை இந்த இடைவெளியில்தான் பிறக்கிறது. கார்டுக்குக் கட்டணம் கொடுத்துப் பழகிய ஷாப்பிங் மாலும், 15 ரூபாய்க்கு டீ விற்பவரும் ஒரே தராசில் நிற்க வேண்டியதில்லை. கட்டணமா, ஊக்கத்தொகையா என்பதை அரசு முன்கூட்டியே வெளிப்படையாகச் சொல்லிவிடுவதுதான் நல்லது. இல்லாவிட்டால் வாடகை, ஃபீஸ், வட்டி என்ற பெயர்களில் அது சத்தமில்லாமல் சின்னவர்கள் தலையிலேயே வந்து விழும்.

நாம் கவனிக்க வேண்டியவை

* சின்னச் சின்னச் செலவுகளுக்கு யு.பி.ஐ லைட் பயன்படுத்துங்கள். 1,000 ரூபாய் வரையிலான தொகைக்குப் பின் நம்பர் வேண்டாம். ஒவ்வொரு டீக்கும் வங்கியின் முதன்மை சர்வரைத் தட்டி எழுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. அதில் 5,000 ரூபாய் வரை வைத்துக்கொள்ளலாம்.

* ரீசார்ஜ், பில் கட்டும்போது கடைசித் திரையில் 'ஃபீஸ்' எவ்வளவு என்று பாருங்கள். வேறு ஆப்பில் அது இல்லாமல் இருக்கலாம்.

* கடை வைத்திருப்பவர்கள் வியாபாரத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொள்முதல் பில்களைப் பத்திரப்படுத்துங்கள். பால், காய்கறி போன்ற வரிவிலக்குப் பொருள்களை விற்றதற்கான கணக்கு கையில் இருந்தால் நோட்டீஸ் வந்தாலும் பதில் சொல்லலாம்.

* ஸ்பீக்கர் வாடகை எந்தத் தேதியில், எவ்வளவு கழிகிறது என்று மாதம் ஒருமுறை பாருங்கள். ஆப்பில் வரும் கடனை எடுக்கும் முன் மொத்த வட்டி எவ்வளவு என்று கேளுங்கள்.

* பர்ஸில் 200 ரூபாயாவது ரொக்கம் இருக்கட்டும். சர்வர் படுத்தாலும் டீக்கடைக்காரருக்குக் கடன் சொல்ல வேண்டியிருக்காது.