தானாக மாறும் அளவுகோல்

பிங்கா ஓயா என்ற ஆறு பெருகினால் இலங்கையின் அக்குறணை நகரில், ஏ9 வீதியோரக் கடைகளுக்குள் தண்ணீர் புகுந்துவிடும். அந்த ஓயாவின் நீர்மட்டத்தைக் கணினியில் மாதிரியாக்க முனையும் மாணவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிமுலிங்க் போன்ற மென்பொருள்களில் வரைபடத்தின் அளவுகோல் தானாகவே பொருந்திக்கொள்ளும் வசதி உண்டு. முதல் பார்வைக்கு அது நல்லது; சமிக்ஞை திரைக்கு வெளியே ஓடிவிடாது. ஆனால் 10 சென்றிமீற்றர் ஏற்றமும் 2 மீற்றர் ஏற்றமும் ஒரே உயரத்துக்குத் திரையை நிரப்பும். கண் முதலில் பிடிப்பது வளைவைத்தான், ஓரத்து எண்களை அல்ல. வெறும் கணிப்பு இரைச்சல்கூட வெள்ளம்போல் எழுந்து நிற்கும். இரண்டு மழைகளை ஒப்பிடும்போது அச்சின் எல்லைகளை நீங்களே குறியுங்கள். கடைவாசற்படியின் உயரத்தையும் வரைபடத்தில் ஒரு கோடாகப் போடுங்கள். தண்ணீர் அந்தக் கோட்டை எப்போது தாண்டும் என்பதுதான் வியாபாரிக்குத் தெரிய வேண்டியது.