எந்தப் பொத்தான் எதற்கு?

ஜூன் பிறந்து தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், திருவனந்தபுரம் மாவட்டத்துப் பிள்ளைகள் வானத்தைப் பார்ப்பதில்லை. கலெக்டரின் அறிவிப்பைத்தான் பார்க்கிறார்கள். பள்ளிக்கு விடுமுறை உண்டா, இல்லையா? பொன்முடியின் அடிவாரத்தில் இருக்கும் வித்துராவில் இந்தக் கேள்விக்கு அவசரம் அதிகம். மலையோர மழை சொல்லிக்கொண்டு வருவதில்லை. விடுமுறை கிடைத்த பிள்ளை வெளியே போகவும் முடியாது. பிறகு நாள் முழுக்க என்ன செய்வது?

பல வீடுகளில் பதில் செல்போன். சில வீடுகளில் மட்டும் வேறொரு பதில்: ஏ.டி.எம். அட்டை அளவே உள்ள கம்ப்யூட்டர் ஒன்று டி.வி.யோடு இணைக்கப்பட்டு, 30, 40 ஆண்டுகளுக்கு முந்தைய விளையாட்டுகள் திரையில் ஓடுகின்றன. ராஸ்பெர்ரி பை என்ற இந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்தது. அப்போது விலை 35 டாலர். பிள்ளைகள் கம்ப்யூட்டரை வெறுமனே உபயோகிக்காமல் புரோகிராம் எழுதக் கற்க வேண்டும் என்பதே அதை உருவாக்கிய எபன் அப்டன் குழுவின் நோக்கம். கேரள அரசும் 2015-ல் இதே எண்ணத்தோடு எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு ராஸ்பெர்ரி பை வழங்கியது. அந்தக் காலத்துப் பை ஏதாவது மேஜை இழுப்பறையில் கிடந்தால், 1980-களின் விளையாட்டுகளை ஓட்டும் தெம்பு அதற்கு இன்னும் உண்டு.

இந்தக் கம்ப்யூட்டருக்கு இந்தியாவோடு ஒரு தூரத்து உறவும் இருக்கிறது. மத்திய அரசு 1984-ல் 'கிளாஸ்' என்ற திட்டத்தின் கீழ் பள்ளிகளுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் அனுப்பியபோது தேர்ந்தெடுத்தது பி.பி.சி. மைக்ரோ என்ற ரகம். பையின் 'மாடல் ஏ', 'மாடல் பி' என்ற பெயர்கள் அதைப் பார்த்து வைக்கப்பட்டவை. பி.பி.சி. மைக்ரோவைத் தயாரித்த ஏகார்ன் நிறுவனத்தில் உருவானதுதான் 'ஆர்ம்' வகைச் சிப். இன்று பைக்குள் இருப்பதும் அதன் வாரிசுதான்.

பழைய விளையாட்டுகளுக்கான சாஃப்ட்வேர் இலவசம். ரெட்ரோபை, ரீகால்பாக்ஸ், பட்டோசெரா, லக்கா என்று பல தொகுப்புகள் இருக்கின்றன. ஒரு மெமரி கார்டில் பதித்துச் செருகினால் போதும். கடைசியாக 2022-ல் வந்த ரெட்ரோபையின் தயார்நிலைத் தொகுப்பு பை 4 வரைக்கும்தான். பை 5 வைத்திருப்பவர்கள் மற்ற மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்வது எளிது. இதுவரை சிக்கல் இல்லை. சிக்கல் ஆரம்பிப்பது கையில் பிடிக்கும் கன்ட்ரோலரில்.

கன்ட்ரோலரில் ஒரு பொத்தானை அழுத்தினால் 'குதி' என்றோ 'சுடு' என்றோ செய்தி போவதில்லை. போவது வெறும் எண். பூஜ்யமாவது பொத்தான், ஒன்றாவது பொத்தான், இரண்டாவது பொத்தான் – அவ்வளவுதான். அதே இடத்தில் இருக்கும் பொத்தானுக்கு ஒரு கம்பெனி ஒன்று என்றும் இன்னொரு கம்பெனி மூன்று என்றும் எண் வைத்திருக்கும். திசை காட்டும் சிலுவைப் பொத்தான் இன்னும் விசித்திரம். மலிவான பல கன்ட்ரோலர்களில் அது பொத்தானாகவே பதிவாவதில்லை. ஒரு நெம்புகோலைக் கடைசிவரை தள்ளியதாகப் பதிவாகிறது. மைனஸ் 32,767 என்றால் இடது, பிளஸ் 32,767 என்றால் வலது.

ஆகவே இந்த எண்களுக்கு யாராவது பொருள் சொல்லித் தர வேண்டும். ரெட்ரோபை முதல்முறை திரையில் வந்ததும் அதைத்தான் கேட்கிறது. ஏதாவது ஒரு பொத்தானைச் சற்று அழுத்திப் பிடிக்கச் சொல்கிறது. பிறகு வரிசையாகக் கேள்விகள்: மேல் எது, கீழ் எது, இடம் எது, வலம் எது, ஸ்டார்ட் எது, செலக்ட் எது, 'ஏ' எது, 'பி' எது? கன்ட்ரோலரில் இல்லாத பொத்தானைக் கேட்டால் இருக்கிற ஏதாவது ஒன்றை அழுத்திப் பிடித்துக் கேள்வியைத் தாண்டிவிடலாம்.

கடைசிக் கேள்வி 'ஹாட் கீ'. பலர் அலட்சியமாகத் தாண்டுவதும் பிறகு அவதிப்படுவதும் இதில்தான். மற்றொரு பொத்தானோடு சேர்த்து அழுத்தினால் மட்டும் வேலை செய்யும் பொத்தான் இது. வழக்கமாக செலக்ட் பொத்தானுக்கே இந்தப் பொறுப்பைத் தருகிறார்கள். செலக்டையும் ஸ்டார்ட்டையும் சேர்த்து அழுத்தினால் விளையாட்டை விட்டு வெளியே வரலாம். செலக்டோடு வலது தோள் பொத்தான் என்றால் ஆட்டம் அந்த நிலையிலேயே சேமிக்கப்படும். இடது தோள் பொத்தான் என்றால் சேமித்த இடத்திலிருந்து தொடரும். இதைச் சரியாக அமைக்காத வீட்டில் ஆட்டத்தை விட்டு வெளியே வர வழி தெரியாமல் பிளக்கைப் பிடுங்குகிறார்கள். மெமரி கார்டில் எதையாவது எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கார்டில் இருப்பது கெட்டுப்போகக்கூடும். மழைக்காலத்தில் மின்சாரம் தானே போய் வருகிற ஊரில் கையாலும் பிடுங்குவது இரட்டை ஆபத்து. எல்லாம் சரியாக அமைந்ததும் கார்டை ஒரு பிரதி எடுத்து வைப்பதும், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பையை அதன் இணைப்பில் மாட்டுவதும் புத்திசாலித்தனம்.

அடுத்த குழப்பம் எழுத்துகளால் வருவது. ஜப்பானின் நின்டெண்டோ கன்ட்ரோலரில் 'ஏ' வலது ஓரத்தில், 'பி' அதற்குக் கீழே. அமெரிக்காவின் எக்ஸ்பாக்ஸில் நேர் எதிர்: 'ஏ' கீழே, 'பி' வலது ஓரத்தில். பொத்தானில் அச்சிட்ட எழுத்தைப் பார்த்து பதில் சொன்னால் பழைய நின்டெண்டோ விளையாட்டில் கட்டைவிரல் தடுமாறும். எழுத்தை மறந்துவிட்டு, விளையாடப்போகும் பழைய மெஷினில் அந்தப் பொத்தான் இருந்த இடத்தைப் பார்த்து பதில் சொல்வதே சரி.

சோனி எழுத்துகளையே விட்டுவிட்டு வடிவங்களுக்குப் போனது. ஜப்பானியருக்கு வட்டம் என்றால் சரி, பெருக்கல் குறி என்றால் தவறு. அங்கே வட்டம்தான் சம்மதத்துக்கு. மேற்கு நாடுகளில் அதையே தலைகீழாக்கினார்கள். 2020-ல் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது ஜப்பானியரும் பெருக்கல் குறிக்கு மாற வேண்டியதாயிற்று. நம் பிள்ளைகள் பாடு இன்னும் கஷ்டம். டீச்சர் சிவப்பு மையில் வட்டம் போட்டாலும் தப்பு, பெருக்கல் போட்டாலும் தப்பு!

கைக்கு இதமான அந்தச் சிலுவைப் பொத்தானுக்கே வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. நின்டெண்டோவின் குன்பெய் யோகோய் 1982-ல் உள்ளங்கையில் அடங்கும் ஒரு விளையாட்டுக்காக அதை வடிவமைத்தார். அதற்கு முன் அரசாண்டது 1977-ல் வந்த அடாரியின் ஜாய்ஸ்டிக்: ஒரு தடி, ஒரு பொத்தான். அதன் ஒன்பது முனை பிளக் உலகம் பூராவும் பரவியது. இந்தியாவில் 1990-களில் விற்ற மலிவு டி.வி. கேம்களில் பலவற்றின் கன்ட்ரோலர்களிலும் – பிள்ளைகள் பாஷையில் 'ரிமோட்' – அதே உருவத்தில் பிளக் இருந்தது. சென்னை பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய அந்த டி.வி. கேம் இன்னும் பல வீட்டுப் பரண்களில் இருக்கும்.

அதன் ரிமோட்டைப் பையில் உபயோகிக்க முடியுமா? முடியும், நிதானம் இருந்தால். பிளக் ஒன்றுபோல் இருப்பதால் உள்ளே ஓடும் கம்பிகளும் ஒன்றுபோல் இருக்கும் என்று நம்பக் கூடாது. அடாரியில் ஒவ்வொரு திசைக்கும் தனிக் கம்பி. நின்டெண்டோ வழிவந்த ரிமோட்டில் எட்டுப் பொத்தான்களின் நிலையையும் ஒரு சிப் வாங்கி வைத்துக்கொண்டு, ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும். கம்பியின் நிறத்தை நம்பியும் பயனில்லை. தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மல்டிமீட்டர் வைத்துச் சோதிப்பது ஒன்றே வழி. பையின் இணைப்பு முனைகள் தாங்குவது 3.3 வோல்ட். ரிமோட்டிலிருந்து 5 வோல்ட் வந்து சேர்ந்தால் அந்த முனை போய்விடலாம், பையே போகவும் கூடும். இவ்வளவு தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு யூ.எஸ்.பி. என்கோடர் என்ற சின்னப் பலகை கிடைக்கிறது. ஒரு பொத்தானுக்கு இரண்டு கம்பி, மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

மழை ஊரில் பழைய ரிமோட்டுக்கு வேறொரு நோயும் வரும்: அழுத்தினால் சில நேரம் கேட்கும், சில நேரம் கேட்காது. பொத்தானுக்கு அடியிலிருக்கும் ரப்பரின் கறுப்புப் பொட்டிலும் பலகையிலும் அழுக்கும் ஈரமும் படிந்திருக்கும். திறந்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்து, நன்றாக உலரவிட்டால் பெரும்பாலும் பிழைத்துவிடும்.

இரண்டு பேர் விளையாடும்போது எழும் சண்டைக்கும் காரணம் எண்தான். எந்தக் கன்ட்ரோலர் முதலில் கண்ணில் பட்டதோ அதற்கே பை முதல் ஆட்டக்காரர் பட்டம் தருகிறது. செருகும் துளையையும் வரிசையையும் ஒரே மாதிரி வைத்துக்கொண்டால் தகராறு பெரும்பாலும் தீரும். கன்ட்ரோலர் திடீரென்று அறுந்து அறுந்து வேலை செய்தால் மின்சாரத்தைச் சந்தேகிக்க வேண்டும். பை 5-க்கு 5 ஆம்பியர் தரும் அடாப்டர் தேவை. 3 ஆம்பியர் அடாப்டர் மாட்டினால், செருகியிருக்கும் எல்லா யூ.எஸ்.பி. சாதனங்களுக்கும் சேர்த்து 600 மில்லி ஆம்பியர் மட்டுமே பங்கிட்டுக் கொடுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? பழைய மெஷினைப்போல நடிக்கும் சாஃப்ட்வேரை வைத்திருப்பதில் தவறில்லை. விளையாட்டுகள் விஷயம் வேறு. 1983-ல் வந்த விளையாட்டுக்குக்கூடப் பதிப்புரிமை இன்னும் முடியவில்லை. நியாயமாக வாங்கிய புரோகிராமுக்கு, அது கெட்டுப்போனால் உதவ ஒரு பிரதி எடுத்துக்கொள்ள 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவு அனுமதிக்கிறது. ஆனால் ஒரே கேசட்டில் 9,99,999 விளையாட்டுகள் என்று சொல்லி விற்றவையே திருட்டுப் பிரதிகள். அதற்குப் பிரதி எடுப்பவருக்குச் சட்டம் துணைக்கு வராது. ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை நிரப்பி விற்கப்படும் பெட்டிகளின் கதையும் பெரும்பாலும் இதுதான். உரிமையாளரே இலவசமாகத் தந்தவை இருக்கின்றன: 1993-ல் வந்த 'டூம்' விளையாட்டின் முதல் பகுதி, ஜப்பானில் தனி ஒருவர் உருவாக்கி 2004-ல் வெளியிட்ட 'கேவ் ஸ்டோரி' போன்றவை. ஒரு மழைக்காலத்துக்கு அவை தாராளம்.

நிரப்பி விற்கும் பெட்டிகளால் இன்னொரு நஷ்டமும் உண்டு. அவற்றில் கேள்விகள் இல்லை. எல்லாவற்றுக்கும் யாரோ பதில் சொல்லி முடித்திருக்கிறார்கள். கேரளத்து அரசுப் பள்ளிகளில் லினக்ஸ் புழங்கத் தொடங்கிப் பல வருஷங்கள் ஆகின்றன. 2025-26 கல்வியாண்டிலிருந்து பத்தாம் வகுப்புப் பாடத்தில் ரோபோட்டிக்ஸும் சேர்ந்திருக்கிறது. சென்சார் அனுப்புவது எண், அதற்குப் பொருள் தருவது புரோகிராம் என்ற பாடத்தை ஒரு கன்ட்ரோலர் பத்தே நிமிடத்தில் விளங்கவைத்துவிடும். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் அந்தக் கேள்விகளுக்குத் தாங்களே பதில் சொல்லிவிட்டு, தயாரான பொருளைக் குழந்தையிடம் நீட்டுகிறார்கள். பிள்ளை தப்பாகச் சொன்னால் என்ன? 'மேல்' என்றால் கீழே போகும். சிரித்துவிட்டு, இன்னொரு முறை சொன்னால் ஆயிற்று. செலவில்லாமல் செய்யக்கூடிய தவறு இது.

எல்லாக் கைகளும் ஒரேபோல் இல்லை என்பது இதைவிட முக்கியம். ஒரு கை மட்டும் இயங்கும் குழந்தைக்கு, கம்பெனி முடிவு செய்த இடத்தில் பொத்தான் இருந்தால் விளையாட்டே இல்லை. மைக்ரோசாஃப்ட் 2018-ல் இதற்கென்றே ஒரு கன்ட்ரோலரை வெளியிட்டது: இரண்டு பெரிய பொத்தான்கள், வேண்டிய சுவிட்சுகளை வெளியிலிருந்து செருகிக்கொள்ள 19 துளைகள். அது கைக்கு எட்டாத விலை என்றால், அதே யூ.எஸ்.பி. என்கோடரில் உள்ளங்கை அகலப் பொத்தான்களை இணைத்துப் பலகையில் பொருத்தலாம். ஒன்றைக் காலடியில் வைக்கலாம், ஒன்றை முழங்கைக்கு அருகில். கம்ப்யூட்டருக்கு வித்தியாசம் தெரியாது. அழுத்தியது விரலா, முழங்கையா, குதிகாலா என்று அது கேட்பதில்லை. 'மேல் எது?' என்றுதான் கேட்கிறது. அந்தக் குழந்தை எதைக் காட்டுகிறதோ, அதுதான் மேல்.