75 சென்ட் காட்டிய தடம்

கணிப்பொறிக் கல்வி முடித்த மகன், 'எத்திக்கல் ஹேக்கிங் படிக்கப் போகிறேன்' என்கிறான். திருட்டுக்கும் ஒரு படிப்பா என்று பெற்றோர் திகைக்கின்றனர். திகைப்பு நியாயமே. ஆயினும் இக்கலையின் இயல்பை அறிய, அதனை எந்த வகுப்பிலும் கற்றிராத ஒருவரின் வரலாறு நமக்கு உதவும்.

கிளிஃபர்ட் ஸ்டோல் என்பார் வானியல் அறிஞர். 1986 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணிப்பொறிப் பணியேற்ற புதிதில், கட்டணக் கணக்கில் 75 சென்ட் துண்டு விழுந்ததைக் கண்டார். கையிலிருந்து போட்டுச் சரிக்கட்டக்கூடிய தொகைதான். அவரோ விடவில்லை. தேடியபோது, எவனோ ஒருவன் வெளியிலிருந்து நுழைந்து, மேலாளருக்குரிய அதிகாரத்தையே கைப்பற்றியிருப்பது தெரிந்தது. அஞ்சல்களை இடம் மாற்றும் சிறு நிரலொன்றின் குறைபாடு அவனுக்கு வழிவிட்டிருந்தது.

உடனே கதவை அடைப்பது எளிது. ஸ்டோல் அடைக்கவில்லை. உள்வரும் இணைப்புகளில் அச்சுப்பொறிகளைப் பொருத்தி, அவன் தட்டிய ஒவ்வோர் எழுத்தையும் தாளில் பதித்தார். நாளும் நேரமும் குறிப்பேட்டில் எழுதி வந்தார். வலையமைப்புக் காவலின் அரிச்சுவடி இதுவே. அவ்வாய்வகத்தையே படிக்கட்டாகக் கொண்டு அவன் சுமார் 450 கணிப்பொறிகளை முயன்று, 30-க்கு மேற்பட்டவற்றுள் புகுந்தான். மாயவித்தை ஏதுமில்லை, பல இடங்களில், தயாரிப்பாளர் வைத்தனுப்பிய கடவுச்சொல்லை எவருமே மாற்றியிருக்கவில்லை! (நம் வீட்டு வைஃபை பெட்டியின் கடவுச்சொல்லை இன்று மாலையே பார்த்துவிடுங்கள்.)

அவனை நெடுநேரம் இணைப்பில் நிறுத்துவதற்காக, இராணுவச் செய்திகள் போன்ற பொய்க் கோப்புகளை ஸ்டோல் உருவாக்கி வைத்தார். அவன் அவற்றில் ஆழ்ந்திருக்க, தொலைபேசித் துறையினர் தடம் பற்றி மேற்கு ஜெர்மனியின் ஹனோவர் நகரை எட்டினர். மார்க்கஸ் ஹெஸ் என்ற அவன், களவாடிய செய்திகளைச் சோவியத் உளவுத்துறைக்கு விற்ற குழுவைச் சேர்ந்தவன். 1990-இல் ஜெர்மன் நீதிமன்றம் அவனைக் குற்றவாளியெனத் தீர்த்தது.

கணிப்பொறிகளின் பலவீனங்களை இருவருமே அறிந்திருந்தனர். ஒருவர் காத்தது தம் பொறுப்பிலிருந்த இயந்திரத்தை. மற்றவன் புகுந்தது பிறருடையவற்றில். நம் இளைஞர் சிலர் இவ்விடத்தில்தான் இடறுகின்றனர். கல்லூரியின் கணிப்பொறியைச் 'சும்மா சோதித்துப் பார்த்தேன்' என்பது சட்டத்தின் முன் செல்லாது. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில், உரிமையாளரின் அனுமதியின்றி நுழைந்தாலே 43-ஆம் பிரிவின்படி இழப்பீடு தர நேரும். வஞ்சக நோக்கும் சேர்ந்தால், 66-ஆம் பிரிவின்படி மூன்றாண்டுவரை சிறை. ஆதலால்தான் இத்தொழிலில் நேர்மையானவர்கள், எந்த இயந்திரம், எந்நாள்வரை, எவ்வளவு சோதனை என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்ட பின்னரே விசைப்பலகையைத் தொடுகின்றனர்.

மூன்றே மாதத்தில் நிபுணராக்குவதாக விளம்பரம் செய்வோரிடம் பெருந்தொகை கட்டுமுன், மகனுக்குப் பழைய கணிப்பொறிகள் இரண்டு வாங்கிக் கொடுங்கள். அவற்றை இணைத்து, செய்தி எவ்வாறு துண்டு துண்டாகப் பயணிக்கிறது என்பதை முதலில் கற்கட்டும். பின்னர் தானே பூட்டி, தானே திறந்து பார்க்கட்டும். அதற்கு வேண்டிய லினக்ஸும் வயர்ஷார்க்கும் இலவசமாகவே கிடைக்கின்றன.