ஒரு லைன், ரெண்டு லேப்டாப்

"ஒரு கம்ப்யூட்டருக்கு ஒரு கனெக்ஷன். இன்னொண்ணுக்கு வேணும்னா தனியா வாங்கு." ரீசார்ஜ் கடைக்காரரும் இதைத்தான் சொல்கிறார், எல்லாம் தெரிந்த பக்கத்து வீட்டு அண்ணனும் இதைத்தான் சொல்கிறார். சென்னையில் இந்த அறிவுரையைக் கேட்டால் காசு வீண், அவ்வளவுதான். ஜவ்வாது மலையில் கேட்டால் ஒரு பிள்ளையின் படிப்பில் மண்ணள்ளிப் போட்ட மாதிரி.

"சாமை விதைக்கிற மலையில் ஒரு வீட்டுக்கு ரெண்டு கம்ப்யூட்டர் ஏது?" என்று சிரிப்பவர்கள் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கட்டும். 2011 செப்டம்பரில் தமிழக அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளியில் பிளஸ் டூ படித்த அண்ணனுக்கு ஒன்று, இரண்டு வருஷம் கழித்துத் தங்கைக்கு ஒன்று என்று ஏழை வீட்டிலும் இரண்டு சேர வழி வந்தது. ஆனால் அரசு கொடுத்தது மெஷினை மட்டும்தான். நெட்டுக்கு வீட்டுக்காரர்தான் காசு கட்ட வேண்டும்.

சரி, தனியாகவே வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜமுனாமரத்தூரைத் தாண்டி உள்ளே போனால் மேடும் பள்ளமும் காடும்தான். குன்று மறைத்தால் சிக்னல் போச்சு. ஒரு ஜன்னலோரம் மட்டும் சிக்னல் எட்டுகிற வீட்டில் இரண்டாவது சிம் வாங்கினாலும் அதே ஜன்னலுக்குத்தான் வர வேண்டும். அந்த ஜன்னலில் ஒரே போனை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டால் இரண்டு லேப்டாப்பும் உள்ளே உட்கார்ந்து வேலை செய்யும். இந்த வித்தை ஒன்றும் புதுசு இல்லை. 1999-ல் வந்த விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலேயே ஒரு கனெக்ஷனைப் பங்கு போடும் வசதி இருந்தது.

"பங்கு போடுறது திருட்டு இல்லையா?" என்று சிலர். ஐயா, பழைய ஐபி முறையில் மொத்த முகவரிகளே சுமார் 430 கோடிதான். அது போதாமல்தான் மொபைல் கம்பெனிகளே ஏராளமான போன்களை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் உட்கார வைக்கின்றன. கம்பெனி செய்தால் டெக்னாலஜி, தங்கச்சி செய்தால் திருட்டா? காசு கட்டி வாங்கிய டேட்டா, ஒரே கூரைக்குக் கீழே செலவாகிறது. ஊருக்கே விற்றால்தான் தப்பு.

"ஸ்பீடு பாதியாயிடும்" என்பது அடுத்த பல்லவி. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இழுத்தால் குறையும், உண்மைதான். ஆனால் ஒரு பக்கத்தை இறக்கிவிட்டு அதைப் படிக்கிற ஐந்து நிமிஷமும் லைன் சும்மாதான் கிடக்கிறது. அண்ணன் சினிமா இறக்குவதை ராத்திரிக்குத் தள்ளிவைத்து, விண்டோஸில் அந்த கனெக்ஷனை 'மீட்டர்டு' என்று மாற்றிவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

மீதிச் சண்டை டெக்னாலஜியில் இல்லை. பாஸ்வேர்டு யார் கையில் என்பதில் இருக்கிறது. பெரும்பாலும் அண்ணன் கையில். ஸ்காலர்ஷிப் விண்ணப்பத்துக்குக் கடைசி நாளன்று தங்கை கேட்டால் "இரு, மேட்ச் முடியட்டும்". மேட்ச் நாளைக்கும் வரும், அடுத்த வாரமும் வரும். கடைசித் தேதி திரும்பி வராது.

வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைத்துப் பாய்ச்சத் தெரிந்த ஊர்களுக்கு இது பெரிய பாடமே இல்லை. பாஸ்வேர்டை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி சுவரில் ஒட்டுங்கள். விண்ணப்பத்துக்கும் பரீட்சைக்கும் முதல் முறை, மேட்சுக்குக் கடைசி முறை. ரெண்டாவது ரீசார்ஜ் காசில் தங்கைக்கு ஒரு புத்தகம் வாங்கலாம்.