ஹவுண்ட்: நாய் மட்டும்தானா குற்றவாளி?

எந்த ஆங்கிலம்-தமிழ் அகராதியைப் புரட்டினாலும் 'ஹவுண்ட்' என்ற சொல்லுக்கு வேட்டை நாய் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பரீட்சைக்கு அது போதும். ஆனால் இந்தச் சொல்லுக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். ஆரம்பத்தில் ஹவுண்ட் என்றால் வேட்டை நாயே கிடையாது! பழைய ஆங்கிலத்தில் 'ஹுண்ட்' என்றால் வெறும் நாய். காவல் நாய், ஆடு மேய்க்கும் நாய், ஊர் சுற்றும் நாய் எல்லாமே ஹுண்ட்தான். ஜெர்மன்காரர்களுக்கு இன்றைக்கும் அப்படித்தான். குட்டைக் கால் டாஷ்ஹண்ட் இருக்கிறதே, அந்தப் பெயருக்கு ஜெர்மன் மொழியில் 'பேட்ஜர் நாய்' என்று அர்த்தம். வளைக்குள் புகுந்து பேட்ஜரைப் பிடிக்க வளர்க்கப்பட்ட நாய் அது.

இன்னும் பின்னால் போனால் நமக்கே தெரிந்த ஒரு சொல் வந்து நிற்கும். சமஸ்கிருதம் வழியாகத் தமிழுக்கு வந்த 'சுவானம்', லத்தீன் 'கானிஸ்', ஆங்கில 'ஹவுண்ட்' மூன்றும் ஒரே குடும்பம். லத்தீனில் 'க' வருகிற இடத்தில் ஜெர்மானிய மொழிகளில் 'ஹ' வரும். லத்தீனில் கொம்பு 'கோர்னு', ஆங்கிலத்தில் 'ஹார்ன்'. அதே கணக்குதான் இதுவும். (கேனரி தீவுகளின் பெயரும் இந்தக் கானிஸிலிருந்து வந்ததுதான். கேனரி குருவிக்குத் தீவின் பெயர், தீவுக்கு நாயின் பெயர்!)

சரி, அப்புறம் என்ன ஆயிற்று? 'டாக்' என்று ஒரு புதுச் சொல் சந்தைக்கு வந்தது. பழைய ஆங்கிலத்தின் கடைசிக் காலத்தில் எங்கோ ஓரிரு இடத்தில் தலைகாட்டியது. அதன் மூலம் எதுவென்று மொழி ஆராய்ச்சியாளர்களால் இன்றுவரை உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் 16-ஆம் நூற்றாண்டுக்குள் மொத்த மார்க்கெட்டையும் அதுவே பிடித்துக்கொண்டது. பழைய முதலாளியான ஹவுண்டுக்கு மிஞ்சியது பணக்கார வாடிக்கையாளர்கள் மட்டும்தான், அதாவது ராஜாக்களும் பிரபுக்களும் வேட்டைக்குக் கூட்டிப்போகும் நாய்கள்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் வேட்டை என்பது எல்லோருக்கும் பொதுவான பொழுதுபோக்கு இல்லை. அரசனின் காட்டுப் பகுதியில் குடியிருந்த சாதாரண ஜனங்களின் நாய்களுக்கு முன்னங்கால் நகங்கள் மூன்றை வெட்டிவிடுவார்கள், அரசனின் மானைத் துரத்தக்கூடாது என்பதற்காக. 1217-ல் வந்த காடுகள் சாசனம் இந்தக் கொடுமையை நிறுத்தவில்லை, மூன்று நகத்துக்கு மேல் வெட்டக்கூடாது என்று ஒழுங்குபடுத்தியது, அவ்வளவுதான். ஆக, ஓட விடப்பட்ட நாய் ஒரு ஜாதி, ஓட முடியாமல் செய்யப்பட்ட நாய் இன்னொரு ஜாதி.

அந்த மிடுக்கு இன்னும் போகவில்லை. நரி வேட்டைக்காரர்களிடம் போய் அவர்கள் ஹவுண்டை 'டாக்' என்று சொன்னால் முகம் சுளிப்பார்கள். எண்ணுவதுகூட ஒன்று, இரண்டு என்று கிடையாது, ஜோடி ஜோடியாகத்தான். முப்பத்தொரு நாய் என்றால் பதினைந்தரை ஜோடி! ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்களை வைத்துக் காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடை செய்த 2004-ஆம் வருடச் சட்டம் இந்தப் பந்தா எதையும் மதிக்கவில்லை. 'டாக்' என்றே எழுதியது. குற்றவாளி என்று சொன்னதும் நாயை அல்ல, மனிதனை.

இதைக் கவனிக்க வேண்டும். ஏனென்றால் ஹவுண்ட் வினைச்சொல்லாகும்போது இந்த மனிதன் காணாமல் போய்விடுகிறான். ஆங்கிலப் பேப்பர்களில் ஒருவரை விடாமல் துரத்தித் துரத்தித் தொல்லை செய்தார்கள் என்பதற்கு 'ஹவுண்ட்' என்று எழுதுவார்கள். படிப்பவர் மனதில் நிற்பது நாயின் வெறி மட்டும்தான். ஆனால் ஆரம்பத்தில் இந்த வினைச்சொல்லுக்கு ஹவுண்டுகளைக் கொண்டு வேட்டையாடுவது என்றுதான் அர்த்தம். செய்கிறவன் மனிதன். ஹவுண்ட் தானாக நரி மீது விரோதம் கொண்டு கிளம்புவதில்லை. வளர்த்து, பழக்கி, அவிழ்த்துவிடும் ஆள் குதிரை மேல் பின்னால் வருகிறார்.

அந்த வேட்டைக் கூட்டத்தில் 'விப்பர்-இன்' என்று ஒருவர் இருப்பார். கூட்டத்தை விட்டு விலகி வேறு வாசனையின் பின்னால் ஓடும் ஹவுண்டைச் சாட்டையைச் சொடுக்கித் திரும்பக் கொண்டுவருவது அவர் வேலை. 18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் பார்லிமெண்டில் ஓட்டெடுப்புக்கு எம்.பி.க்களைத் திரட்டி வருவதைச் சொல்ல இந்த வேட்டைப் பேச்சு புழக்கத்துக்கு வந்தது. அது சுருங்கி 'விப்' ஆனது. விப் என்றால் சாட்டை. தமிழில் அதை அப்படியே 'கொறடா' ஆக்கிவிட்டோம்! அவர் கையில் சாட்டை என்றால் எதிரே உட்கார்ந்திருக்கும் எம்.எல்.ஏ.க்கள் யார் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம் :-)

சிரிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். 2019 செப்டம்பரில் பிரிட்டனில் ஆளுங்கட்சி எம்.பி.க்கள் 21 பேர் கட்சி உத்தரவை மீறி ஓட்டுப் போட்டார்கள். கட்சி அவர்களை ஒதுக்கியது. ஆனால் அதற்காக யாருடைய எம்.பி. பதவியும் பறிபோகவில்லை. இந்தியாவில் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கொறடா உத்தரவை மீறியவரைக் கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவியே போய்விடலாம். ஆட்சியைக் கவிழ்க்க விலை பேசுவதைத் தடுக்க இது தேவை என்பது நியாயம்தான். ஆனால் தன் தொகுதியைப் பாதிக்கும் ஒரு சாதாரண மசோதாவில்கூட ஒரு எம்.பி. தன் மனசுப்படி ஓட்டுப் போட முடியாது என்பதில் என்ன நியாயம்? அரசைத் தீர்மானிக்கும் நம்பிக்கை ஓட்டெடுப்புக்கு மட்டும் இந்தத் தண்டனை இருந்தால் போதும் என்று 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி கமிட்டி சொன்னது. அதன் பிறகு 2003-ல் சட்டத்தைத் திருத்தியபோதும் இந்தப் பகுதியில் மட்டும் யாரும் கை வைக்கவில்லை.