ஓலைக்கு ஏற்ற திரை

சுவடிகளை மின்னுருவாக்கும் பணியின் வெற்றி, எத்தனை பக்கங்கள் படமெடுக்கப்பட்டன என்ற எண்ணிக்கையைக் கொண்டே பெரும்பாலும் அளக்கப்படுகிறது. அந்தப் படங்களை ஆய்வாளர் எந்தத் திரையில், எவ்வாறு படிக்கப்போகிறார் என்ற வினா அரிதாகவே எழுகிறது. மைசூர் போன்ற ஓர் ஆய்வு நகரில் அவ்வினாவை இனியும் தள்ளிப்போடுவது முறையன்று.

தமிழாய்வுக்கு மைசூர் அயலூர் அன்று. இந்தியத் தொல்லியல் துறையின் கல்வெட்டுப் பிரிவு 1966இல் உதகமண்டலத்திலிருந்து இங்கு இடம்பெயர்ந்தது. ஆயிரக்கணக்கான தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகள் பல பத்தாண்டுகள் இவ்வூரிலேயே இருந்தன. அவற்றைத் தமிழ்நாட்டுக்கு மாற்றுமாறு 2021இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஆணையிட்டது. கீழ்த்திசை ஆய்வு நிறுவனத்தில் 1905இல் ஆர். சாமசாஸ்திரி கண்டறிந்த அர்த்தசாஸ்திரச் சுவடியும் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவரிடமிருந்து வந்த, கிரந்த எழுத்தில் அமைந்த பனையோலைச் சுவடிதான். மூலம் எந்த ஊரில் இருக்க வேண்டும் என்பதற்காக நீதிமன்றம் வரை சென்ற தமிழுலகம், அதன் படத்தைப் பிழையின்றிப் படிக்கும் வசதியைப் பற்றி அந்த அளவுக்குக் கவலைப்படவில்லை.

இது வெறும் வசதி பற்றிய பேச்சன்று. கல்வெட்டிலும் ஓலையிலும் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வடிவில் வேறுபடுவதில்லை. காலும் ரகரமும் ஒன்றுபோலவே தோன்றும். ஆகவே படிப்பவர் சூழலைக் கொண்டே எழுத்தை முடிவுசெய்கிறார். சிறிய மடிக்கணினியில் மூலத்தின் படமும் அதன் பெயர்ப்பும் ஒன்றையொன்று மறைக்கும்போது, கண் கண்டதை நினைவு சுமந்து செல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நொடி இடைவெளியில், எதிர்பார்த்த சொல் கண்ட சொல்லின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பதிப்பில் ஏறிவிட்ட அத்தகைய பிழையை அடுத்த தலைமுறை சான்றாக எடுத்தாளும்.

ஓலையின் வடிவமும் மடிக்கணினிக்கு ஒத்துவருவதில்லை. பல ஓலைகளில் நீளம் உயரத்தைப் போலப் பத்து மடங்கு இருக்கும். முழு வரியையும் திரையில் அடக்கினால் எழுத்து எறும்பாகிறது. எழுத்தைப் பெரிதாக்கினால் வரி துண்டாகிறது. 21:9 என்று வணிகத்தில் வழங்கும் அகலத்திரை இங்கேதான் பயன்படுகிறது. 3440க்கு 1440 என்ற அளவுள்ள திரையில் ஏறத்தாழ 49.5 லட்சம் பிக்சல்கள் உள்ளன. வழக்கமான 1920க்கு 1080 திரையில் 20.7 லட்சம் மட்டுமே. ஒரு பாதியில் மைப்படியையும் மறுபாதியில் பெயர்ப்பையும் வைக்கலாம். தேவைப்பட்டால் ஓலை வரியைத் திரை முழுதும் விரிக்கலாம். ஒலியியலாளருக்கும் இதே நன்மை உண்டு. பிராட் மென்பொருளில் பேச்சின் அலைப்படம் இடமிருந்து வலமாகத்தான் நீள்கிறது.

ஆனால் திரையை வாங்கிவிடுவதோடு பணி முடிவதில்லை. எச்டிஎம்ஐ 1.4 மட்டுமே உள்ள பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இத்தகைய திரை நொடிக்கு 30 அல்லது 50 முறைதான் புதுப்பிக்கப்படும். சிலவற்றில் முழுத் தெளிவுத்திறனே கிடைக்காது. எச்டிஎம்ஐ 2.0, டிஸ்ப்ளேபோர்ட் 1.2 ஆகியவை 60 முறையை எளிதில் தாங்கும். யுஎஸ்பி-சி இன்னும் குழப்பமானது. துளையின் வடிவம் ஒன்றாக இருந்தாலும், எல்லாத் துளைகளும் படத்தை அனுப்புவதில்லை. சில துளைகள் மின்னேற்றத்துக்கும் தரவுக்கும் மட்டுமே உரியவை. கைப்பேசியோடு வரும் மின்னேற்றக் கேபிளில் பெரும்பாலும் படத்துக்கான கம்பிகளே இரா.

இவற்றுள் ஒன்று பிசகினாலும் திரை இருண்டுபோகும் என்று எதிர்பார்க்க முடியாது. இருண்டால் நல்லது, பிழை தெரிந்துவிடும். பல வேளைகளில் கணினி 1920க்கு 1080 அளவுப் படத்தையே அனுப்ப, திரை அதை முழு அகலத்துக்கும் இழுத்துக்காட்டுகிறது. அப்போது எழுத்துகள் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் அகலம் பெறுகின்றன. எழுத்தின் உயர அகல விகிதமும் வளைவும் காலக்கணிப்புக்கு உதவும் துறையில் இது அழகுக் குறை மட்டுமன்று, சான்றையே திரிக்கும் குறை. வட்டமான ஒன்றைத் திரையில் திறந்து அளவுகோலால் அளந்துபார்ப்பது இதற்கு எளிய சோதனை. வட்டம் நீள்வட்டமானால், திரையின் அமைப்பில் மூல விகிதத்தைக் காக்கும் தேர்வை இட வேண்டும். கணினியில் 3440க்கு 1440 கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டு சாதாரணத் திரைகளை அருகருகே வைத்தால் போதாதா என்று கேட்கலாம். படத்தையும் பெயர்ப்பையும் ஒப்பிடுவதற்குப் போதும், செலவும் குறையலாம். நீண்ட வரியைத் தொடர்ந்து படிக்கும்போதோ நடுவிலுள்ள சட்டம் எழுத்தைப் பிளக்கும். மூலத்தையே நேரில் பார்ப்பதுதான் ஆய்வு என்பாரும் உளர். இறுதிச் சரிபார்ப்புக்கு அது உண்மை. ஆயினும் ஒவ்வோர் ஐயத்துக்கும் காப்பகத்துக்குப் பயணம் செய்ய உதவித்தொகையில் வாழும் மாணவரால் இயலாது. அடிக்கடி கையாளப்படுவதை ஓலையும் தாங்காது.

எல்லா மேசைகளிலும் அகலத்திரை வேண்டுமென்பதில்லை. துறை நூலகத்தில் எவரும் நேரம் பதிந்து அமரத்தக்க மேசை ஒன்று போதும். ஆனால் அதற்கான கொள்முதல் பட்டியலில் அங்குல அளவை மட்டும் எழுதி நிறுத்தக் கூடாது. தெளிவுத்திறன், புதுப்பிப்பு வேகம், இணைப்பின் பதிப்பு எண், அதற்குரிய கேபிள் என்னும் நான்கும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். படமெடுக்கச் செலவிடும் தொகையில் சிறு பகுதியைப் படிக்கும் மேசைக்கு ஒதுக்காதவரை, மின்னுருவாக்கம் சுவடியை ஓர் அலமாரியிலிருந்து மற்றோர் அலமாரிக்கு மாற்றிய பணியாகவே நின்றுவிடும்.