ஓடி ஓய்ந்த நாய்க்கும் ஒரு சேமநிதி

ஊழியர் சேமநிதி என்றால் என்னவென்று செமோர் வட்டாரத்துத் தோட்டப் பிள்ளைகளுக்கு விளக்கவேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டில் இந்நாட்டில் அமைக்கப்பட்ட அந்நிதியில் நம் பாட்டன், பாட்டிமாரின் சம்பளத்தில் ஒரு பகுதியும் முதலாளியின் பங்கும் சேர்ந்து, மரம் சீவிய கை தளர்ந்த காலத்தில் அவர்களிடம் வந்தது. அது போதியதாக இருந்ததா என்பது வேறு கதை. லயத்து வீட்டைக் காலி செய்த குடும்பங்களைக் கேட்டால் தெரியும். ஆயினும், உழைக்கும்போதே ஓய்வுக்கு எடுத்து வைக்கவேண்டும் என்னும் கொள்கை சரியானதே. அதனைப் பந்தய விலங்குகளுக்கும் விரிக்கவேண்டும் என்பது என் கருத்து.

கிரேஹவுண்ட் என்னும் நாயினத்தை எடுத்துக்கொள்வோம். தமிழகத்துச் சிப்பிப்பாறை நாயைப் பார்த்தவர்கள் அதன் ஒட்டிய வயிற்றையும் நீண்ட கால்களையும் எளிதில் கற்பனை செய்துகொள்ளலாம். மணிக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வேகத்தில், இயந்திரம் இழுத்துச் செல்லும் பொம்மை முயலைத் துரத்துவதே அதன் தொழில். நான்கைந்து வயதில் அத்தொழில் முடிந்துவிடும். ஆயுளோ பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேலும் நீளக்கூடியது. வருமானம் நின்றபின் அதற்குச் சோறிடுபவர் யார்?

மக்காவ் நகரில் நடந்ததைப் பாருங்கள். அங்கிருந்த கனிட்ரோம் என்னும் நாய்ப் பந்தயத் திடலுக்கு, இடம் மாறவோ மூடவோ 2016இல் அரசு ஈராண்டு அவகாசம் கொடுத்தது. 2018 ஜூலையில் திடல் மூடப்பட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாய்கள் போக்கிடமின்றி அங்கேயே நின்றன! இரண்டு ஆண்டுகள் எதற்குப் பயன்பட்டனவோ? அனிமா என்னும் விலங்கு நலச் சங்கம் பெருமுயற்சி செய்து இத்தாலி, அமெரிக்கா, பிரிட்டன் முதலிய நாடுகளில் அவற்றுக்கு வீடு தேடித்தந்தது. கூண்டிலேயே வளர்ந்த இத்தகைய நாய்களுக்கு மாடிப்படி ஏறத் தெரியாது. கண்ணாடிக் கதவில் முட்டிக்கொள்ளும். பழகிவிட்டாலோ பகலெல்லாம் உறங்கும் பரமசாது.

பிரிட்டனில் 2020இல் ஒரு நல்ல திட்டம் வந்தது. நாயைப் பந்தயத்துக்குப் பதிவு செய்யும்போதே உரிமையாளரும் பந்தய வாரியமும் பாதிப்பாதியாக 400 பவுன் ஒதுக்கிவைக்க, ஓய்வுபெற்ற நாயை ஏற்கும் இல்லத்துக்கு அத்தொகை சென்றது. பந்தயமே ஒழியட்டும் என்பாரும் உளர். நியூசிலாந்து அரசு 2024 டிசம்பரில் அவ்வாறே அறிவித்தது. அதிலும் நியாயம் உண்டு. ஆனால் ஒழிக்கும் நாளன்றும் நாய்களுக்குப் பசிக்குமன்றோ?

நம் ஈப்போவில் நாய்ப் பந்தயம் இல்லை. குதிரைப் பந்தயம் உண்டு. பேராக் குதிரைப் பந்தயக் கழகம் 1886இல் தோன்றியது. குதிரை இருபத்தைந்து ஆண்டுகள்கூட வாழும். ஆனால் பெரும்பாலான குதிரைகள் பத்து வயதுக்குள் திடலை விட்டு வெளியேறிவிடுகின்றன. சிங்கப்பூரில் 5.10.2024 அன்று இறுதிப் பந்தயம் நடந்து முடிந்தது. பந்தயம் நிற்கப்போவதாக 2023 ஜூனில் அறிவித்தபோது அங்கு ஏறத்தாழ எழுநூறு குதிரைகள் இருந்தன. நமது 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் விலங்கைப் பேணும் கடமையை உரிமையாளர்மேல் வைத்துள்ளது. கடமைக்குப் பணம் வேண்டும். பரிசுத் தொகையின் ஒவ்வொரு வெள்ளியிலும் ஐந்து காசு பிடிக்கலாம். வெல்லாத குதிரைக்குப் பரிசில்லை என்பதால் பதிவுக் கட்டணத்திலும் ஒரு பங்கு பிடிக்கவேண்டும். அக்கணக்கு குதிரையின் பெயரிலேயே இருந்து, உரிமையாளர் எத்தனை முறை மாறினாலும் அதனுடனேயே செல்லவேண்டும்.